லேம்ப்பில் ஓடாத மிஷின்

செல் தீர்ந்தால் எங்கள் வீட்டில் அடி விழும். அண்ணனுக்கு அப்போது வயது இருபத்தேழு, எனக்கு இருபத்தொன்று. அவன் தங்கச் சுரங்கத்தில் பம்ப் எலக்ட்ரிஷியன். நான் பி.காம். முடித்து, பெங்களூர்ப் பத்திரிகைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். மாரிகுப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய கம்பெனி வீடுகளில் ஒன்றில் அம்மாவோடு குடியிருந்தோம். அந்த வீட்டு வரிசையை லைன் என்போம். மீசை வைத்த இரண்டு ஆண்கள் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காகத் தரையில் கட்டிப் புரண்டோம் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை, அது நடந்தது. ஒருமுறை அவன் முழங்கை என் கீழுதட்டைப் பிளந்தது. இன்னொரு முறை நான் விட்டெறிந்த சொம்பு அவன் காதோரத்தில் பட்டு இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. அம்மா எங்களைப் பிரித்துவிட வருவதில்லை. துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் இருவருக்கும் குறையில்லாமல் கொடுப்பாள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் ஆண்டர்சன்பேட்டையில் வீடு கட்டியபோது அண்ணன் ஒயரிங் செய்து கொடுத்தான். கூலியில் பாதிக்குப் பதிலாக அவர் கொடுத்தது அந்தப் பெட்டி. நாங்கள் அதை மிஷின் என்றுதான் சொல்வோம். செங்கல்லில் பாதி அளவு, சாம்பல் நிறம், கையில் எடுத்தால் கனம். பாசி நிறத்தில் சின்னத் திரை. பின்பக்கம் நான்கு பேட்டரி செல். அதோடு வந்தது ஒரே ஒரு ஆட்டம், மேலே செருகும் சின்ன வில்லையாக. மேலிருந்து கட்டைகள் விழும். சந்து இல்லாமல் அடுக்கினால் அந்த வரிசை மறையும். சந்து விட்டால் கட்டைகள் மேலே மேலே ஏறி உச்சியில் முட்டி ஆட்டம் முடியும். அந்த மிஷினுக்கு ஞாபகம் கிடையாது. அணைத்துவிட்டால் எடுத்த பாயிண்ட் எல்லாம் அழிந்துபோகும். ஆகவே காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்போம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அண்ணனுடையது: 1,12,480.

பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவோம். உறவு எதுவும் இல்லை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமலிருக்க மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்த்தார்.

"நான் கீழ நின்னுகினு பண்றத நீ இங்க படுத்துகினு பண்ற. எம் பேட்டா உனுக்கும் தரச் சொல்லவா?" என்றார்.

பிறகு மிஷினை வாங்கினார். அதற்கு முன் அதைத் தொட்டதுகூட இல்லை. தடித்த விரல்கள், இரண்டு பொத்தான்களையும் ஒரே விரல் மறைத்தது. ஆனாலும் பதினோரு வரிசை அடுக்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

தொண்ணூற்றேழில் ராபர்ட்சன்பேட்டைக் கடையொன்றில் அதே மிஷினின் திருத்திய மாடல் வந்தது. கடைக்காரர் மெட்ராஸ் போய்ச் சாமான் எடுத்து வருபவர். புதியது பழையதில் பாதித் தடிமன். சட்டைப் பையில் நிற்கும். திரை கறுப்பும் வெளுப்புமாகத் தெளிவாக இருந்தது. எங்களுடையதில் கட்டை வேகமாக விழும்போது பின்னால் ஒரு நிழல் இழுபடும்; எது கட்டை எது நிழல் என்று தெரிவதற்குள் அது உட்கார்ந்துவிடும். புதியதில் நிழல் இல்லை. நான்கு செல்லுக்குப் பதில் மெல்லிய செல் இரண்டு போதும். எங்களிடம் இருந்த ஆட்டம் அதிலும் ஓடும். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகவும், அடுத்த மெட்ராஸ் பயணம் வரை எங்களுக்காக ஒன்றை ஒதுக்கி வைப்பதாகவும் கடைக்காரர் சொன்னார்.

நான் மாற்ற வேண்டும் என்றேன். அண்ணன் கூடாது என்றான். மூன்று வாரம் இதே பேச்சு. மெல்லியது ஒருமுறை கீழே விழுந்தாலே வாயைப் பிளந்துவிடும் என்பது அவன் கட்சி. எங்கள் ஊரில் பொருள்கள் கீழே விழும். சுரங்கத்தின் அடியில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே வீடு ஆடும். அதை ஏர் பிளாஸ்ட் என்போம். அதனால்தான் எங்கள் வீட்டு அலமாரிகளின் விளிம்பில் மரச்சட்டம் அடித்திருக்கும். கண்ணாடிச் சாமானை யாரும் உயரத்தில் வைப்பதில்லை. அந்த மிஷின் இரண்டு முறை அலமாரியிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்திருந்தது. இரண்டு முறையும் அணையக்கூட இல்லை.

"உந் தலையில அடிச்சும் ஒடையாத மிஷினு இது," என்றான். நான் அவன் நெஞ்சில் குத்தினேன். அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். எழுதியிருந்த பாயிண்டுகள் சில என் முதுகில் அழிந்தன. அன்றைய விவாதம் அப்படி முடிந்தது.

என் பக்கத்தில் பலமான வாதம் செல்தான். நான்கு செல் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. அந்த வாதத்தை அண்ணன் ஒரு மதியம் தகர்த்தான்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவனும் தலைத் தொப்பியில் ஒரு லேம்ப் மாட்டியிருப்பான். அதன் பேட்டரி இடுப்பு பெல்ட்டில் தொங்கும். மிஷினுக்கு ஆறு வோல்ட் வேண்டும், அந்த பேட்டரி நான்கு வோல்ட். அண்ணன் அதோடு ஒரே ஒரு செல்லைச் சேர்த்து, மிஷினின் செல் அறையில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, மறுமுனைகளை லேம்ப்பில் சார்ஜ் ஏற்றும் இடத்தில் கவ்வவிட்டான். திரை பளிச்சென்று வந்தது. புதியதில் இதைச் செய்ய முடியாது என்றும் விளக்கினான். அது மூன்று வோல்ட் மிஷின். லேம்ப்பில் மாட்டினால் உள்ளே வெந்துபோகும்.

"செல்லு இல்லன்னுதான புதுசு கேட்ட? இப்ப இன்னா சொல்ற?"

நான் மிஷினை வாங்கி ஆட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து மதியங்கள் எனக்கு வேறு மாதிரி ஆயின.

அந்த லேம்ப் எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இறங்குமுன் லேம்ப் ரூமில் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுத்து அதே நம்பர் லேம்ப்பை வாங்குவார்கள். லேம்ப் இருந்த கொக்கியில் டோக்கனை மாட்டி வைப்பார்கள். வெளியே வந்து லேம்ப்பைக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். கொக்கியில் லேம்ப் தொங்கினால் ஆள் மேலே. டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும். அண்ணன் காலை ஷிப்டில் ஒரு ஷாஃப்டில், அதாவது செங்குத்துக் குழியில், இறங்கி, பம்புகளைப் பார்த்துக்கொண்டே அடியிலேயே நடந்து போய், வேலை முடிந்ததும் அடுத்த ஷாஃப்டின் கேஜில், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், ஏறி மேலே வருவான். ஏறிய இடத்தில் காவல்காரர்கள் தங்கத்துக்காக உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள்; இடுப்பு லேம்ப்பை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதை இறங்கிய இடத்தில்தானே ஒப்படைக்க வேண்டும். இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே எங்கள் லைன். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, லேம்ப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பாயில் படுப்பான். ஒன்றரைக்கு நான் எழுப்ப வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியுமுன் போய் லேம்ப்பைக் கொடுத்துவிடுவான். பதினைந்து நாளைக்கும் மேல் இது பிசகாமல் நடந்தது.

அன்று அம்மா ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தாள். அண்ணன் படுக்கும்போது "ஒண்ணரைக்கு எழுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தான். வழக்கமாகச் சொல்வது. எனக்கு ஆட்டம் நன்றாக அமைந்தது. ஒன்று இருபதுக்கு ஏர் பிளாஸ்ட் வந்தது. அலமாரிப் பாத்திரங்கள் கிலுங்கின. குடத்துத் தண்ணீர் சிந்தவில்லை. பாத்திரம் மட்டும் கிலுங்கினால் சின்னது, தண்ணீர் சிந்தினால் பெரியது என்பது லைனில் எல்லாரும் வைத்திருந்த கணக்கு. அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். மிஷினை மார்போடு அணைத்துப் பிடித்து, நடுக்கம் நின்றதும் தொடர்ந்து ஆடினேன். அண்ணன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்த வெடிப்பு எங்கள் வீட்டுக்கு வெகு தூரத்தில், மிக ஆழத்தில் நடந்தது. அதனால்தான் தண்ணீர் சிந்தவில்லை. அங்கே அது சின்னது இல்லை. அண்ணன் காலையில் கடந்து வந்த வழி மூடிப்போயிருந்தது.

ஒன்றரை ஆனபோது நான் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தேன். மிஷினில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் உண்டு. ஆனால் அண்ணனை எழுப்பினால் லேம்ப் போகும், லேம்ப் போனால் மின்சாரம் போகும், பாயிண்ட் போகும். வீட்டில் வேறு செல் இல்லை. ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். ஒன்று நாற்பதுக்கு 1,12,480ஐத் தாண்டினேன். பிறகு எதற்காக ஆடினேன் என்று இன்றுவரை எனக்குத் திருப்தியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணிச் சங்கு கேட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்திவைத்தேன். ஆனால் அவனை எழுப்பவில்லை. திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது 1,40,260இல் நின்றது.

இரண்டு நாற்பதுக்குப் பக்கத்து வீட்டு அத்தை, மாமாவின் மனைவி, ஓடிவந்தாள். முந்தானை கீழே இழுபட்டது. "அக்கா, அக்கா" என்று அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். வாசலிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். ஷாஃப்டில் எல்லார் லேம்ப்பும் வந்துவிட்டது, பெரியவன் டோக்கன் மட்டும் தொங்குகிறது, எங்கூட்டுக்காரரும் இன்னும் மூணு பேரும் அவனைத் தேடி இறங்கியிருக்கிறார்கள், தைரியமா இரு அக்கா. சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் பாயைப் பார்த்தாள். அண்ணன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் என் கையிலிருந்த மிஷினையும், அதிலிருந்து லேம்ப்புக்குப் போன ஒயரையும் பார்த்தாள். கத்தவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அண்ணன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, தலையைத் தரையில் மோதினாள்.

அவன் ஒயரைப் பிய்த்தெறிந்துவிட்டு லேம்ப்போடு ஓடினான். நான் பின்னால் ஓடினேன். லேம்ப் ரூமுக்கு ஓட்டமும் நடையுமாக இருபது நிமிடம். பாதி வழியில், தண்டவாளத்தைத் தாண்டும்போது, காலுக்கடியில் தரை ஒரு முறை குலுங்கியது. அண்ணன் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி ஓடினான்.

விசாரணையில் பிறகு கேட்டார்கள்: அடுத்த ஷாஃப்டில் கேட்டிருக்கலாமே, வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே. லேம்ப் ரூமில் இருந்தவர்கள் கேட்டிருந்தார்கள். அங்கே ஷிப்ட் மாறிவிட்டது. கேஜ் ஏற்றிய ஆளும் காவல்காரரும் போய்விட்டார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கொக்கியில் டோக்கன் தொங்கும்போது வீட்டில் போய்த் தேடுகிற ஊர் இல்லை அது.

ஷாஃப்ட் வாசலில் அம்மா இருந்தாள். ரேஷன் வரிசையில் சேதி கேட்டு நேராக அங்கே வந்திருந்தாள். அரிசிப் பை இன்னும் கையில் இருந்தது. உயிரோடு ஓடிவரும் மகனைப் பார்த்ததும் அந்தப் பையை வீசி அவன் முகத்தில் அடித்தாள். பை கிழிந்து அரிசி கொட்டியது. கூட்டம் வழிவிட்டது. அவன் அரிசியை மிதித்துக்கொண்டு உள்ளே போய் லேம்ப்பைக் கொடுத்தான். டோக்கனை அவனிடம் கொடுக்கவில்லை.

நான்கு மணி வாக்கில் கேஜ் வந்தது. இறங்கிய நான்கு பேரில் மூவர் நடந்து வந்தார்கள். மாமாவைத் தூக்கி வந்தார்கள். என் அண்ணன் அடியில் இருப்பதாக நினைத்துச் சரிந்த கட்டைகளைக் கையால் விலக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வெடிப்பில் பாறை அவர் வலது கை மேல் உட்கார்ந்திருக்கிறது. கையைச் சுற்றியிருந்த சட்டையின் நிறம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மிஞ்சின. இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் ஒற்றைப் பத்தியில் நான்கு வரி வந்தது: தேடும் பணியில் ஈடுபட்ட தொழிலாளி காயம். யாரைத் தேடினார் என்று போடவில்லை. பின்னாளில் அதே மாதிரி நான்கு வரிகளை நானும் பல முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் யாரை என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

லைனில் ஒரு வழக்கம் இருந்தது. கீழே நடந்த தப்புக்கு மேலே கை பேசும்; ஆபீசுக்குச் சேதி போகாது. கேஜை இழுக்கும் வின்ச் ஓட்டும்போது தூங்கியவனுக்கு ஒருமுறை முன்பல் இரண்டு போயின. வேலை போகவில்லை. மனு எழுதிப் போட்டவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். லேம்ப் பேட்டரியில் ஒயர் மாட்டினான் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் அண்ணனுக்கு அன்றோடு வேலை இல்லை. தூங்கிவிட்டான் என்றால் சஸ்பென்ஷன். அந்த வித்தியாசம் அடிக்க வரப்போகிறவர்கள் கையில் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். எங்கள் ஊரிலேயே பாலகாட் லைனில் இருந்த மாமாவின் தம்பிகள் இரண்டு பேர், கூட ஒருவர். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான். வருவார்கள் என்று தெரியும். எழுந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவிலிருந்த வெட்ட வெளிக்குப் போய் நின்றான். அவர்களில் மூத்தவர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். பேட்டரி தாங்கும் அகலமான தோல் பெல்ட், இரும்புக் கொக்கியோடு. முதல் வீச்சில் அண்ணனின் புருவம் கிழிந்தது. இளையவர் வயிற்றில் உதைத்தார். விழுந்த பிறகு மூன்றாமவர் அவன் வலது கையை மண்ணில் வைத்து மிதித்துத் திருகினார். எந்தக் கை என்று பார்த்துத்தான் மிதித்தார். அண்ணன் கையை உயர்த்தவில்லை, தடுக்கவில்லை. மூச்சு வெளியேறும் சத்தம் மட்டும் வந்தது. லைனில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. யாரும் வாசலைத் தாண்டவில்லை. என் கையில் அவன் கடிகாரம் இருந்தது. ஏழு நிமிடம்.

நான் எழுப்பவில்லை என்பதை அந்த ஏழு நிமிடத்தில் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

இளையவர் வீட்டுக்குள் போய் மிஷினை எடுத்து வந்தார். ஒயர்கள் வால் போலத் தொங்கின. அதைக் குழாய்ச் சுவரில் ஓங்கி அடித்தார். ஒரு மூலை சிதைந்தது, பெட்டி பிளக்கவில்லை. மறுபடி அடித்தார். பிறகு மண்ணில் போட்டுவிட்டார்.

அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அடித்தவர்கள் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் விஷயம் அதோடு முடிந்தது என்று அர்த்தம். மூத்தவர் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். எங்கள் வாழ்க்கை அந்தச் சொம்பில் இருந்தது. வாங்கிக் குடித்தார். மற்ற இருவரும் குடித்தார்கள். பெண்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு சமையலுக்குப் போனார்கள்.

விசாரணையில் அண்ணன், காய்ச்சலாக இருந்தது, வழியில் வீட்டில் படுத்தவன் தூங்கிவிட்டேன் என்றான். ஒயரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, மாமாவும் திறக்கவில்லை. பதினைந்து நாள் சஸ்பென்ஷன்.

அடி வாங்கிய அன்று மாலை அவன் முதுகுக்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. கவிழ்ந்து படுத்தபடியே கேட்டான்.

"எவ்ளோ வந்துச்சு?"

எதைக் கேட்கிறான் என்று புரிந்தது. சொன்னேன்.

"செவுத்துல எழுது."

நான் அசையவில்லை. அவன் எழுந்தான். காலண்டர் ஆணியில் கட்டியிருந்த பென்சிலை வீங்கிய விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, தன் பாயிண்டுக்கு மேலே 1,40,260 என்று எழுதினான். சிறுவன் எழுதியது போலக் கோணலாக இருந்தது. பிறகு படுத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை கதவோரம் நின்றாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி என் வலது கையை அவர் இடது கையால் பிடித்தார். நடு விரலைப் பின்னால் மடக்கினார். பிறகு அதற்கடுத்தது, பிறகு சுண்டு விரல். மூன்றையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். மரம் தூக்குகிற கை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"உங்கண்ணன் தூங்கினானாம். சரி. நீ முழிச்சிகினு தான இருந்த?"

"ஆமா மாமா."

இன்னும் அழுத்தினார். விரல் கணுக்களில் ஒரு சத்தம் கேட்டது.

"ஒடைக்கணும்னுதான் கீது. ஒடைச்சா உங்கம்மா மறுபடி சொம்பு தூக்கிகினு வருவா." விட்டார். "அந்தச் சனியன இந்த லைன்ல நான் பாக்கக் கூடாது."

வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. கடைக்காரர் வைத்திருக்கும் புதியது லேம்ப்பில் ஓடாது அல்லவா என்று மட்டும் கேட்டான். ஓடாது என்றேன். என் வாதத்தைத் தகர்க்க அவன் அதற்கு எதிராகச் சொன்ன குறை அதுதான்.

"அப்ப இத்தக் குடுத்துடு," என்றான். மாற்றிக்கொள் என்று அவன் சொல்லவில்லை. கொடுத்துவிடு என்றுதான் சொன்னான். இதை நான் அப்போதே கவனித்தேன்.

ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்தே போனேன். கடைக்காரர் மிஷினைப் புரட்டிப் பார்த்தார். சிதைந்த மூலையைத் தடவினார். ஒயர் எதற்கு என்று கேட்டார். கரண்டில் போட என்றேன். நான்கு செல் போட்டுப் பார்த்தார். திரையில் செங்குத்தாக ஒரு கோடு செத்திருந்தது. மற்றபடி ஓடியது. இரண்டு முறை சுவரில் அடித்ததற்கு ஒரு கோடு. அதை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: காசாகக் கொடுக்கவா, பேசினபடி புதுசு எடுத்துக்கிறாயா? புதியதை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விரல்கள் மூன்றும் இன்னும் வீங்கியிருந்தன. புதியதைப் பிடிக்க வலித்தது. ஆட்டத்தைச் செருகி ஆன் செய்தேன். கட்டைகள் நிழலில்லாமல் விழுந்தன. காசு வாங்கினால் அத்தையிடம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஒரு வரிசை அடுக்கும் நேரம் அதை யோசித்தேன். அம்மா ரேஷனுக்கு வைத்திருந்ததில் கேட்டு வாங்கி வந்திருந்த மீதியை மேசையில் வைத்தேன். புதியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் சொன்னபடியே அது பையில் நின்றது.

அண்ணன் அந்த வாரம்தான் மறுபடி வேலையில் சேர்ந்திருந்தான். இரண்டு மணி ஷிப்ட் கொடுத்திருந்தார்கள். நான் வந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும், பாயை விரித்துக்கொண்டிருந்தான். என் சட்டைப் பையைப் பார்த்தான். கை நீட்டினான். கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான், பின்மூடியைத் திறந்து இரண்டு செல்லையும் பார்த்தான், மூடினான். அதை அலமாரியில், சட்டத்துக்கு உள்ளே, பத்திரமாக வைத்தான். பிறகு திரும்பி என் கன்னத்தில் அறைந்தான். காது அடைத்துப்போய் ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. நாங்கள் எத்தனையோ முறை அடித்துக்கொண்டிருக்கிறோம். அவன் அதுவரை என்னை முழுப் பலத்தோடு அடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விழாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு வாங்கினதுல உம் பங்கு," என்றான்.

பாயில் படுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒண்ணரைக்கு எழுப்பு."

நான் புதிய மிஷினைத் தொடவில்லை. கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். வாயில் உப்புக் கரித்தது. அவன் இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டான், வாய் திறந்துகொண்டது. புருவத் தழும்பு ஏறி இறங்கியது. ஒரு மணிக்குச் சற்று முன்னால் அலமாரிப் பாத்திரங்கள் கிலுங்கின. குடத்தைப் பார்த்தேன். தண்ணீர் சிந்தவில்லை. நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் கண்ணைத் திறக்காமலேயே மணி என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"சின்னதுடா," என்றான். என் கையைத் தட்டிவிட்டு மறுபடி தூங்கினான்.

நான் ஒன்றரை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவனை எழுப்பினேன்.